பிளாஸ்டிக் அண்ணேயின் பிரிக்காத பெட்டி

பொருளை விற்கக் கூடாது என்பதற்காகவே கடை திறந்து வைத்த ஒரே வியாபாரி, எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் பிளாஸ்டிக் அண்ணே ஒருவர்தான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூ விற்கிறார்கள், புடவை விற்கிறார்கள், முறுக்கு விற்கிறார்கள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக "வாங்க அக்கா, வாங்க" என்பார்கள். எங்கள் கட்டிடத்து மாடியில் இருந்த பிளாஸ்டிக் அண்ணே மட்டும், படியில் காலடிச் சத்தம் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார்.

அவர் விற்றது, அதாவது விற்பதாக போர்டு மாட்டியிருந்தது, விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகள். கால்பந்து, பூப்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் எல்லாம் உண்டு. உள்ளங்கை அளவு அட்டை. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவருடைய வீரப் பிரதாபங்கள். இதைத் தேடித் தேடி வாங்கிச் சேர்க்கிற ஒரு கூட்டமே இருக்கிறது என்பது அந்தக் கட்டிடத்துக்கு வேலைக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. நான் கீழ் மாடியில் இருந்த பல் கிளினிக்கில் மிஸ்ஸி. டாக்டர் கேட்கிற கருவியை எடுத்துக் கொடுப்பதும், பயந்து போன நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை.

ஒவ்வொரு கார்டையும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடுவார். அந்த உறையை இன்னொரு கெட்டி உறையில் போடுவார். அதோடு நிறுத்தினாரா? அடையாள அட்டை, பார்க்கிங் டிக்கெட், டிவி ரிமோட், கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலம், எல்லாவற்றுக்கும் உறை. அவருடைய சொந்தப் பெயர் கட்டிட முதலாளிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்தான். தெரு முழுக்க அவர் பிளாஸ்டிக் அண்ணே.

எங்கள் முதல் சந்திப்பு சண்டையில் ஆரம்பித்திருக்க வேண்டியது. ஒரு நாள் காலை, கிளினிக் நாற்காலியில் ஓர் ஆன்டி வாயை அகலத் திறந்தபடி படுத்திருக்கிறார். டாக்டர் குனிகிறார். கூரையிலிருந்து 'சொட்' என்று ஒரு துளித் தண்ணீர் நேராக ஆன்டியின் வாய்க்குள் விழுந்தது. அவர் அதை விழுங்கிவிட்டு, "மருந்தா டாக்டர்?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் புடவை முந்தானையைச் செருகாத குறையாக மாடி ஏறினேன்.

கதவைத் தள்ளியதும், "அங்கேயே நில்லுங்க!" என்று ஒரு குரல். ஒல்லியான மனிதர், ஐம்பதைத் தாண்டிய வயது, இரண்டு கையிலும் வெள்ளைத் துணி உறை.

"கையக் காட்டுங்க."

"என்னது?"

"கை, மிஸ்ஸி. ரெண்டு கையும்."

என்ன நினைப்பில் இருந்தேனோ, நீட்டிவிட்டேன். தொடாமலே குனிந்து முகர்ந்தார்.

"நாசி லெமாக் சோறு. சம்பல் கூடக் கேட்டு வாங்கியிருக்கீங்க. சிங்க் அங்க இருக்கு. சோப்பு போட்டுக் கழுவி, துடைச்சி, கொஞ்சம் காத்துல ஆட்டிட்டு வாங்க."

சண்டை போட வந்தவள் நான். சத்தியமாகச் சொல்கிறேன், சிங்க்கில் நின்று நகக்கண்கூட விடாமல் கழுவினேன். கையைக் காற்றில் ஆட்டும்போதுதான் சுயநினைவு வந்தது.

"அண்ணே, உங்க மெஷின்ல இருந்து தண்ணி சொட்டி எங்க பேஷண்ட் வாய்க்குள்ள விழுது!"

"அது ஈரம் உறிஞ்சுற மெஷின் லா. நிறுத்த முடியாது. நம்ம ஊரு காத்துக்கு கார்டு எல்லாம் வளைஞ்சிடும்."

"அப்ப பேஷண்ட் வாய்?"

"வாய் வளையாது மிஸ்ஸி."

நான் கீழே இறங்கினேன். மறுநாள் அவரே வந்து எங்கள் கூரைக்கு அடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்த நோயாளிக்கும் இலவசத் தண்ணீர் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து மதிய இடைவேளையில் மாடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. டிவி பார்ப்பதைவிட அது சுவாரசியமாக இருந்தது. செலாயாங்கிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஒரு பூப்பந்து வீரரின் கார்டைப் பார்த்ததும் கண் மின்னியது. கேட்ட விலையைக் கொடுக்கத் தயார், பேரம்கூடப் பேசவில்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது.

"எங்க வைப்பீங்க?" என்று கேட்டார் அண்ணே.

"பர்ஸ்ல வச்சிக்குவேன் அண்ணே. லக்குக்கு."

அண்ணே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்று நினைத்து நான் ஓடிப் போய்த் தண்ணீர் எடுத்துவந்தேன். அவர் தண்ணீரைத் தள்ளிவிட்டு, "பர்ஸ்ல வச்சி, பர்ஸ பின்னால வச்சி, அது மேல உக்காருவீங்க. அவரு நாட்டுக்கு ஆடினவரு தம்பி. அவரு மேல உக்காருவீங்களா?" என்றார். இளைஞர் வெலவெலத்துப் போய், எதற்கென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஜெஞ்சாரோமில் இருந்து வந்தவர் கெட்டிக்காரர். கண்ணாடி அலமாரியில் வைப்பேன் என்றார். அண்ணே அந்த வார்த்தையை நம்பி விற்பாரா? பெண் கொடுக்கிறவர் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதுபோல, கடையை மூடிவிட்டு ஜெஞ்சாரோமுக்கே போனார். சுவரைத் தட்டிப் பார்த்தாராம், மூலையில் முகர்ந்தாராம், ஜன்னலுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாராம். கார்டோடு போனவர் கார்டோடேயே திரும்பி வந்தார். கூடவே அந்த வீட்டு அம்மா கொடுத்த ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வியாபாரம் என்னாச்சு அண்ணே?"

"சுவருல பூஞ்சை இருக்கு மிஸ்ஸி. நல்ல மனுசங்க. ஆனா சுவருல பூஞ்சை."

ஒருமுறை கடைக்குள் ஒருவர் தும்மிவிட்டார். மேசையில் விரித்திருந்த கார்டுகளின் மேல் அண்ணே அப்படியே குப்புற விழுந்தார். எழுந்து முதலில் கேட்ட கேள்வி, "எந்தப் பக்கம் பார்த்துத் தும்மினீங்க?" தும்மியவருக்கு அடுத்த தும்மல் பயத்தில் உள்ளேயே நின்றுவிட்டது.

எங்கள் கிளினிக்கில் வேலை செய்த இன்னொரு பெண்ணின் கல்யாணத்துக்கு அவரும் வந்தார். மொய்யை உறையில் போட்டுக் கொடுப்பார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் கொடுத்தது விலை உயர்ந்த கார்டுகளை வைக்கிற கெட்டிக் கண்ணாடிப் பெட்டி. நாலு மூலையிலும் ஸ்குரூ. உள்ளே நோட்டு, புத்தம் புதுசாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். மாப்பிள்ளை மேடையில் நின்றபடி ஸ்குரூடிரைவர் கேட்டதை அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதெல்லாம் அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கடையின் நடுவில், பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள், ஒரு பெட்டி இருந்தது. அந்தக் காலத்தில் உள்ளூர் சூயிங்கம் கம்பெனி ஒன்று, மாநிலக் கால்பந்துக் குழு ஆட்டக்காரர்களின் கார்டுகளை கம்மோடு சேர்த்துப் பாக்கெட்டில் போட்டு விற்க ஆரம்பித்ததாம். ஆரம்பித்த வேகத்திலேயே கம்பெனி படுத்துவிட்டது. கடைகளுக்குப் போன சொற்பப் பாக்கெட்டுகளையும் பிள்ளைகள் பிரித்துத் தின்று தீர்த்துவிட்டார்கள். பிரிக்காமல் முழுசாக மிஞ்சியது இந்த ஒரு பெட்டிதான் என்பார் அண்ணே. பிரிக்காதவரைதான் அதற்கு மதிப்பு. மேலே சுற்றியிருக்கும் தாள் கிழிந்தால் அதை ஒருத்தரும் சீண்டமாட்டார்கள். காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு முன்னால் இந்தப் பெட்டிக்குத்தான் முதலில் குட்மார்னிங் சொல்வார்.

அந்தப் பெட்டியையும் விற்க வேண்டிய நேரம் வந்தது. எங்கள் கட்டிடத்தை இடித்து கொண்டோ அடுக்குமாடி கட்டப் போகிறார்கள், எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பெட்டியைக் கொடுத்தால் செராஸில் சின்னதாக ஒரு கடை எடுத்துவிடலாம். கொடுக்காவிட்டால் கார்டுகளோடு தெருவில்தான் நிற்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் சனிக்கிழமை நேரில் வந்து வாங்கிக்கொள்வதாக முடிவானது. அந்த வாரம் முழுக்க அண்ணே சரியாகச் சாப்பிடவில்லை.

அதே வாரத்தில்தான் எங்கள் கிளினிக்குக்கு வேன் அங்கிள் வந்தார். கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். எழுபதை நெருங்கும் வயது, ஓங்குதாங்கான உடம்பு, அகலமான கை. வலது முட்டியை இழுத்து இழுத்து நடப்பார். பல் செட் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவரிடம், பேச்சுக் கொடுத்தால் பயம் போகும் என்று, முட்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பந்து புடிக்கப் போயி விழுந்ததும்மா. நான் மாநிலக் குழுவுல ரெண்டாவது கோல்கீப்பர். ஒரே சீசன்தான். அப்புறம் முட்டி போச்சு, ஆட்டமும் போச்சு."

"அப்படியா அங்கிள்! போட்டோ எதுவும் இருக்கா?"

"இருந்திச்சு. ஜெர்சி, மெடலு, குரூப் போட்டோ எல்லாம் இருந்திச்சு. வெள்ளம் வந்தப்ப வீட்டுக்குள்ள நெஞ்சு மட்டும் தண்ணி. எல்லாத்தையும் கொண்டு போயிடுச்சு." பல் செட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப நான் கோல் காத்தவன்னு சொன்னா வேன்ல ஏறுற பிள்ளைங்க சிரிக்குது. சிரிக்கட்டும். ஆனா சில நேரம் எனக்கே சந்தேகம் வருதும்மா, நெசமாவே ஆடினேனான்னு. சூயிங்கம் கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்து எல்லாரையும் போட்டோ புடிச்சான். கார்டுல போடுறேன்னான். அந்தக் கார்டை நான் கண்ணால பார்த்ததில்ல."

என் கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. டாக்டர் திட்டியது காதில் ஏறவில்லை. அங்கிளின் கையைப் பிடித்து எழுப்பி, மாடிப்படியில் ஏற்றினேன். பாவம், அவருடைய முட்டிக்கு அந்தப் படிகள் பெரிய மலை. ஏறி முடிக்கும்போது வியர்த்து ஊற்றியது.

"அங்கேயே நில்லுங்க! கைய..." என்று ஆரம்பித்தார் அண்ணே.

"அண்ணே, இவரு சூயிங்கம் கார்டு குழுவோட ரெண்டாவது கோல்கீப்பர்."

அண்ணே எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அங்கிளை ஏற இறங்கப் பார்த்தார். வியர்வை சொட்டும் அந்தக் கையை, தன் கை உறையைக் கழற்றிவிட்டு, வெறும் கையால் பிடித்துக் குலுக்கினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய வெறும் விரல்களை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"அங்கிள், உங்க கார்டு அச்சாகவே இல்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஈப்போவுல, பினாங்குல, சிங்கப்பூருல ஒருத்தரும் பார்த்ததில்ல."

அங்கிளின் முகம் விழுந்துவிட்டது. "அப்படியா தம்பி" என்று மெல்லச் சொன்னவர், அலமாரியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிட்டே போய்க் கண்ணாடியில் மூக்கு ஒட்டுமளவுக்குக் குனிந்தார்.

"இதே கம்பெனிதான். இந்தச் சிங்கப் படம் எனக்கு ஞாபகம் இருக்கு. இதுக்குள்ள நான் இருக்கேனா தம்பி?"

"திறந்தாதான் தெரியும்."

"திறந்தா என்ன?"

அண்ணே என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "திறந்தா அதுக்கு மதிப்பில்ல அங்கிள். சனிக்கிழமை ஒருத்தர் அப்படியே வாங்க வர்றாரு. அண்ணேக்குப் புதுக் கடையே அதுலதான்."

அங்கிள் சுட்டுவிட்டதுபோல அலமாரியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "ஐயோ, அப்ப தொடாதீங்க தம்பி. நான் சும்மா கேட்டேன். வேனுக்கு நேரமாச்சு" என்று திரும்பி நடந்தார். படியில் அவர் தடுமாறிவிடக் கூடாதென்று நான் கூடவே போனேன். சில படிதான் இறங்கியிருப்போம். மேலேயிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். தாள் கிழிகிற சத்தம்.

மேலே ஓடினேன். அலமாரி திறந்து கிடந்தது. பெட்டியின் மேல்தாள் அண்ணேயின் கையில் கிழிந்து தொங்கியது.

"அண்ணே! என்னா காரியம் பண்ணீட்டீங்க!"

"அங்கிளக் கூப்பிடுங்க மிஸ்ஸி. சீக்கிரம். இல்லன்னா எனக்கு மனசு மாறிடும்."

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் நம்ப முடியவில்லை. ஒரு கார்டைத் தூக்கவே கை உறை மாட்டுகிற மனிதர், பாக்கெட்டைப் பாக்கெட்டாகப் பல்லால் கடித்துப் பிரித்தார். தரையெல்லாம் காகிதம். சூயிங்கம் காய்ந்து, தொட்டால் கண்ணாடிபோல் நொறுங்கியது. அங்கிள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பல் கிளினிக் மிஸ்ஸி கண்ணெதிரிலேயே! "அங்கிள், துப்புங்க! அது உங்க வேனவிட வயசானது!" என்று கத்தினேன். "இனிப்பு இன்னும் இருக்கும்மா" என்று மென்றார்.

கார்டு வெளியே வர வர அங்கிள் ஒவ்வொருவரையும் அடையாளம் சொன்னார். "இவன் கிள்ளான் பையன், இடது கால் மட்டும்தான் அடிப்பான்." "இவன் லோரி ஓட்டிட்டு இருந்தான், தவறிட்டான்." "இவன் எங்கிட்ட வாங்கின பூட்ஸ இன்னும் திருப்பித் தரல." மீசைக்காரத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தார். "போதும் லா, தள்ளுடா!" என்று அண்ணே அந்தக் கார்டைத் தூக்கி எறிந்தார். ஆமாம், எறிந்தார். பறந்து போய் சிங்க்கில் விழுந்தது.

பாதிப் பெட்டி காலியானபோது அண்ணே ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். பார்த்தார். அங்கிளிடம் நீட்டினார்.

சுமாரான அச்சு. ஓரம் கோணலாக வெட்டியிருந்தது. நடுவில் சூயிங்கம் கறை. கருப்பு ஜெர்சி போட்ட, தலை நிறைய முடி வைத்த ஓர் இளைஞன், நெஞ்சோடு பந்தை அணைத்துக்கொண்டு நிற்கிறான். கை மட்டும் அதே அகலம்.

அங்கிள் வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோ முடியா இருந்திச்சு எனக்கு" என்றார். மூக்கை உறிஞ்சினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பள்ளிக்கூடம் விட்டுடும்மா" என்றார். பிறகு, அந்தக் கார்டை, உலகத்தில் ஒரே ஒரு பிரதி என்று சொல்லத்தக்க அந்தக் கார்டை, நடுவில் சரியாக இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, மடிச்சிட்டாரு!" என்று அலறிவிட்டேன்.

அண்ணே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். உயிர் போய்த் திரும்பி வந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து சொன்னார்:

"அவரு கார்டு மிஸ்ஸி. அவரு மடிக்கலாம்." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அங்கிள், படி பார்த்து இறங்குங்க" என்றார்.

சனிக்கிழமை சிங்கப்பூர்க்காரர் வந்தார். திறந்த பெட்டியைப் பார்த்ததும் சாவு வீட்டுக்கு வந்தவர்போல் நின்றார். நடந்ததை அண்ணே சொன்னதும் அவருக்கு மூச்சு வாங்கியது. இல்லவே இல்லை என்று நினைத்த கார்டு இருக்கிறதா? பெட்டிக்குப் பேசிய விலையைவிட அந்த ஒரு கார்டுக்கு அதிகம் தருகிறேன் என்றார். மடிந்திருந்தாலும் பரவாயில்லை என்றார். "எங்க இருக்கு பாஸ்? சொல்லுங்க, இப்பவே போறேன்."

"கிள்ளான்ல. ஸ்கூல் வேன் ஓட்டிக்கிட்டு இருக்கு" என்றார் அண்ணே. அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. வந்தவர் கோபமாக இறங்கிப் போனார். அவரோடு செராஸ் கடையும் போனது.

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணே, அந்த அங்கிள் நல்லவரு. விசயத்தைச் சொன்னா அவரே தந்திருப்பாரே. வேணும்னா போட்டோ எடுத்து பெருசாக்கிக் கொடுத்திருக்கலாம். ஏன்ணே இப்படிப் பண்ணீங்க? இனி எங்க போவீங்க?" என்று சத்தம் போட்டேன்.

அண்ணே அன்று முதல் தரையிலேயே கிடந்த மீசைக்காரர்களைப் பொறுக்கி, தூசி தட்டி, ஒவ்வொருவரையும் உறையில் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"இத்தனை வருசமா எத்தனையோ பேரு மொகத்த வச்சிப் பொழைக்கிறேன் மிஸ்ஸி. கார்டுல இருக்கிற ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, இந்தப் படியில ஏறி வந்ததில்ல. அன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. முட்டி வலியோட வந்தாரு. நான் இருக்கேனான்னு கேட்டாரு. இருக்கீங்கன்னு சொல்ல வேற என்னா வழி இருந்திச்சு, நீங்களே சொல்லுங்க?"

கீழே வந்து, கருவி கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னா மிஸ்ஸி, பல் வலியா?" என்றார். ஆமாம் என்றேன்.